ஆறு சனிக்கிழமை போதாதுங்க: மனநலப் படிப்புக்கு விதி எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழக மானியக் குழுவிலும், துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்திலும் இருந்து மனநலப் படிப்புகளுக்கு விதி எழுதும் பெரியவர்களுக்கு,

வணக்கமுங்க.

அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசர். ஆபீசர் என்ற பேரைப் பார்த்துப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கேன்டீன் சாம்பாரில் உப்பு ஏன் குறைந்தது என்பதிலிருந்து, பாத்ரூமுக்குள் போன பெண் அரை மணி நேரமாக ஏன் வெளியே வரவில்லை என்பது வரைக்கும் எல்லாம் என் தலையில்தான் விழும். அந்த இரண்டாவது வேலையைக் கொஞ்சமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் 2022-இல், 36 வயதில், கவுன்சலிங் சைக்காலஜியில் எம்.எஸ்சி. சேர்ந்தேன். தொலைநிலைக் கல்வி. வகுப்பெல்லாம் ஆன்லைனில். 2024-இல் முடித்தேன். 2025 ஆகஸ்டில் நீங்கள் அந்தக் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

சாத்தியதற்கு நன்றி சொல்வதா, சண்டைக்கு வருவதா என்று யோசித்தே நாள் ஓடிவிட்டது. இரண்டுமே செய்ய வேண்டியிருக்கிறது.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன், டயட்டீஷியன் என்று நீளும் அதன் பட்டியலில் மனநலம் சார்ந்த வேலைகளும் இருக்கின்றன. அந்தச் சட்டத்துக்குள் வருகிற எந்தப் படிப்பையும் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று மானியக் குழு அறிவித்தது. உளவியலோடு மைக்ரோபயாலஜி, ஊட்டச்சத்தியல், பயோடெக்னாலஜி எல்லாம் சேர்ந்தே அடிபட்டன. ஒரே பட்டத்துக்குள் பல பாடப்பிரிவுகள் இருந்தால் உளவியலை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை நடத்திக்கொள்ளலாம். இதுதான் அறிவிப்பு. எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் பாதிப் பேர் புலம்பினார்கள், மீதிப் பேர் ‘நல்லவேளை, நாம தப்பிச்சோம்’ என்றார்கள். நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எப்படிப் படித்தேன் என்று சொன்னால்தான் எதற்கு நன்றி என்பது புரியும்.

கம்பெனி வேன் என்னை ஊர் முக்கில் இறக்கிவிடும்போது மணி ஏழரை ஆகிவிடும். வகுப்பு எட்டரைக்கு. போனைக் கிரைண்டர் மேல் சாய்த்து வைப்பேன். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது குக்கர் விசிலுக்கு. மும்முனைக் கரண்ட் வந்ததும் மாமனார் டார்ச்சை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போவார். அவர் சுவிட்சைப் போட்ட அடுத்த நிமிடம் வீட்டில் வோல்டேஜ் இறங்கி வைஃபை செத்துவிடும். மீதி வகுப்பு மொபைல் டேட்டாவில். ஃப்ராய்டை நான் பாதிக்கு மேல் கேட்டதில்லை, அது தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்த நேரம். மாமியார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏனம்மிணி, இதப் படிச்சா நமக்கும் அப்பிடி ஆயிராதா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே பயம். மனசு சரியில்லை என்று குணசீலம் கோவிலில் 48 நாள் தங்கவைத்துக் கூட்டிவந்த ஒறம்பரை (சொந்தக்காரர்) ஒருவரை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அவருக்கு மனநலம் என்றால் அந்த முகம்தான்.

திரையில் 180 பேர் இருப்போம். கேமரா போட்டிருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருநாள் கவுன்சலிங் ரோல்ப்ளே. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் தூத்துக்குடிப் பக்கம், அப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். “எனக்கு ரொம்ப மனச்சோர்வா இருக்கு மேடம்” என்று ஆரம்பித்தார். பின்னால் கண்டக்டர் விசில். “எப்ப இருந்து இருக்குங்க?” என்று கேட்டேன். “ஒரு நிமிஷம், ஸ்டாப் வந்துருச்சு” என்று இறங்கிவிட்டார். அத்தோடு எங்கள் பயிற்சி முடிந்தது. இரண்டு பேருக்கும் இன்டர்னல் மார்க் வந்தது.

இன்டர்ன்ஷிப் அதைவிட மோசம். 30 நாள் செய்ய வேண்டும், ஐந்து கேஸ் ரெக்கார்டு எழுத வேண்டும். ஓர் இடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். முதல் நாள் ஒரு ஹாலில் எங்கள் பதினைந்து பேரையும் உட்கார வைத்துப் பழைய ஃபைல்களைக் கொடுத்தார்கள். பேரை மாற்றி, வயதைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். பத்தாம் நாள் கையில் சர்டிபிகேட். அதில் 30 நாளுக்கும் கையெழுத்து இருந்தது. ஒரு நோயாளியின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன்? வாங்கிக்கொண்டு வந்து லேமினேட் செய்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் உங்களை மட்டும் கேள்வி கேட்டால் அது நியாயமாக இருக்காது.

என்னோடு படித்த ஒருவர் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வருவதற்குள் ‘சைக்காலஜிஸ்ட்’ என்று போர்டு மாட்டிவிட்டார். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார், போய் மொய்யும் வைத்துவிட்டு வந்தேன். ஆகவே ‘மனநலத்தைத் திரையில் மட்டும் படித்துவிட்டு வரக் கூடாது’ என்று நீங்கள் சொன்னால், சரி என்றுதான் சொல்வேன். நன்றி என்றது அதற்குத்தான்.

இனி சண்டை.

எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஓர் அம்மா இருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்று நாலு விவரத்தை மாற்றியே எழுதுகிறேன். ஐம்பதைத் தாண்டியவர். ஒருநாள் முழுக்க நல்ல பீஸ்களையெல்லாம் ரிஜெக்ட் கூடையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சூப்பர்வைசர் கத்த, என்னிடம் அனுப்பிவைத்தார்கள். அப்போது நான் மூன்றாவது செமஸ்டர். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு, பி.எச்.க்யூ-9 என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 3 வரை மார்க், மொத்தம் 27. புதிதாகக் கத்தி வாங்கியவன் கண்ணில் பட்ட செடியையெல்லாம் வெட்டிப் பார்ப்பானே, அந்த உற்சாகத்தில் படிவத்தை எடுத்தேன்.

“கடந்த ரெண்டு வாரத்துல செய்யற காரியத்துல ஈடுபாடோ மகிழ்ச்சியோ குறைஞ்சு போச்சுங்களா?”

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மகிழ்ச்சியா? சனிக்கெழம சம்பளம் வாங்கறன்னைக்கு இருக்குமுங்க.”

“தூக்கம் எப்படிங்க?”

“வேன்ல தூங்கிக்குவேன் அம்மிணி.”

“பசி?”

“ஒன்றரை ஷிப்ட் ஓட்டுனா ஆருக்குத்தான் பசிக்காது.”

கூட்டிப் பார்த்தேன். 4 வந்தது. ஐந்துக்குக் கீழே என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று புத்தகம் சொல்கிறது. கண்ணாடியை மாற்றிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். பதினைந்து நாள் கழித்து அவருடைய மகள் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றது. “அம்மா ராத்திரியானா தோட்டத்துல போயித் தனியா உக்காந்துக்குதுங்க. கூப்புட்டாலும் வர்றதில்லீங்.”

அந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மனநலப் பிரிவு ஓபியில் நடுத்தர வயது டாக்டர் ஒருவர். வெளியே வரிசை நீண்டிருந்தது. அவர் படிவம் எதையும் எடுக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, “தோட்டத்துல இப்ப என்ன வெள்ளாமைங்க?” என்றார். மஞ்சள் என்றார் அந்த அம்மா. மஞ்சள் விலையைப் பற்றி ஒரு நிமிடம் பேச்சு. அப்புறம் அதே குரலில், “வெடியக்கால எந்திரிக்கறப்ப மனசு எப்பிடி இருக்குதுங்?” என்று கேட்டார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து, “வெடியவே வேண்டாமுன்னு இருக்குதுங்க” என்றார். டாக்டர் எழுதவில்லை, அவசரப்படவில்லை. “சாகலாமுன்னு நெனப்பு வருதுங்களா?” என்று நேராகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பையும் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா என்றுதான் ஊரில் எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். அப்படி ஆகாது, கேட்டால் பாரம்தான் குறையும் என்று என் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த அம்மாவின் தோள் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அது என் மண்டைக்குள் போனது.

அவர் இப்போது மாத்திரை எடுத்துக்கொண்டு அதே டேபிளில் இருக்கிறார். பீஸ் சரியாகப் பிரிக்கிறார், சூப்பர்வைசரைத் திருப்பித் திட்டவும் செய்கிறார்.

அன்றைக்கே அந்த டாக்டரிடம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டேன். மேலிடத்தில் அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். வாங்கினேன். ஆனால் எங்கள் ஊரில் சனிக்கிழமை சம்பள நாள், அன்றைக்கு லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆறு சனிக்கிழமை கிடைத்தது. நோயாளிக்குப் பக்கவாட்டில் நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். கூட வந்த மாமியாரை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு மருமகளிடம் பேச வேண்டும் என்பதையும்தான். கடைசி இரண்டு சனிக்கிழமை என்னையே பேச விட்டார். முடிந்ததும் இருவரும் நின்றபடியே டீ குடிப்போம். “நீங்க மூணு எடத்துல அவங்க பேச்சை வெட்டினீங்க” என்பார். எந்த மூன்று இடம் என்றும் சொல்வார். இரண்டு வருடப் படிப்பில் நான் செய்த தப்பை எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதற்கு யாரும் எனக்கு மார்க் போடவில்லை, எந்தச் சர்டிபிகேட்டிலும் அந்த ஆறு நாள் கிடையாது.

இப்போது நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரிந்திருக்கும். என் படிப்பில் கெட்டுப்போயிருந்தது கிரைண்டர் மேல் சாய்த்து வைத்த போன் அல்ல. ஆளுமைக் கொள்கைகளையும், மூளையில் செரட்டோனின் என்ன செய்கிறது என்பதையும், புள்ளியியலையும் அந்தப் போனில் நான் நன்றாகவே படித்தேன். புரியாத வகுப்பை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன், நேர் வகுப்பில் அது முடியாது. கெட்டுப்போயிருந்தது மற்ற பாதி. பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் இல்லை. அந்தப் பாதியைச் சரிசெய்யாமல் நன்றாக இருந்த பாதியையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

தடை போட்டால் எல்லாரும் ரெகுலர் காலேஜுக்குப் போய்ப் படிப்பார்கள் என்று நினைத்தீர்களா? அன்னூரிலும் காங்கேயத்திலும் பு.புளியம்பட்டியிலும் இந்தப் படிப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் யார் தெரியுமா? முப்பத்தைந்து, நாற்பது வயதுப் பெண்கள். ஸ்டாஃப் நர்ஸ், டீச்சர், மில் ஹாஸ்டல் வார்டன், என்னைப் போன்ற வெல்ஃபேர் ஆட்கள். ஏற்கெனவே தினமும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறவர்கள், படிக்காமல். வேலையை விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் ரூம் எடுத்து இரண்டு வருடம் படி என்றால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அவர்கள் படிக்க மாட்டார்கள். வேலையை மட்டும் படிக்காமலேயே தொடர்ந்து செய்வார்கள். அந்த செக்கிங் அம்மாவுக்கு 4 மார்க் போட்டு அனுப்பிய நான் மாதிரி.

இன்னொரு வேடிக்கை. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி ஒன்றிய அரசு டெலி மானஸ் என்று போன் வழியாக மனநல உதவி தரும் ஒரு சேவையைத் தொடங்கியது. 14416-க்குப் போன் போட்டால் பைசா செலவில்லாமல் தமிழிலேயே பேசலாம். எங்கள் கேன்டீன் சுவரில் நானே அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன், இரவு ஷிப்ட் முடிந்து பேசியவர்களும் உண்டு. நல்ல சேவை. பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அதற்கு வழிகாட்டி. அதே நிம்ஹான்ஸின் டிஜிட்டல் அகாடமி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மனநலப் பயிற்சியை ஆன்லைனில் நடத்துகிறது. ஆக, ஆறுதலைப் போனில் கொடுக்கலாம், டாக்டருக்குப் பயிற்சியைத் திரையில் கொடுக்கலாம், எங்களுக்குப் பாடத்தை மட்டும் திரையில் கொடுக்கக் கூடாதா?

‘அதெல்லாம் ஏற்கெனவே நேரில் பயின்றவர்களுக்கு’ என்று பதில் சொல்வீர்கள். நியாயமான பதில்தான். அப்படியென்றால் அந்த நேர்ப் பயிற்சியை எங்கள் பக்கத்தில் கொண்டு வந்து வையுங்கள் என்கிறேன்.

இடம் இல்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளை எண்ணிப் பாருங்கள். கோயமுத்தூர், பெருந்துறை, சேலம், கரூர் இருக்கின்றன. திருப்பூரும் நாமக்கல்லும் 2022 ஜனவரியில் திறந்த பதினொன்றில் சேர்ந்தவை. மருத்துவக் கல்லூரி என்றால் மனநலப் பிரிவு இருந்தே ஆக வேண்டும். அது போக மாவட்ட மனநலத் திட்டம். 1996-இல் நாட்டில் தொடங்கிய அது இன்றைக்குத் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அந்தக் குழு மாவட்டத்துக்குள் ஊர் ஊராகப் போய் ஓபி நடத்துகிறது. ஒரு காலத்தில் அரசு மனநல மருத்துவமனை என்றால் 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம்தான், இங்கேயிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். இப்போது எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ்ஸில் மூன்று மனநலப் பிரிவுகளுக்குப் போய்விடலாம். பயிற்சிக்கு நாற்காலி இருக்கிறது. அதில் எங்களை உட்காரச் சொல்லி ஒரு விதிதான் இல்லை.

பாடம் ராத்திரியில் ஆன்லைனில் நடக்கட்டும். வாரத்தில் ஒரு நாள், இரண்டு வருடமும், பக்கத்து அரசு மருத்துவமனையில் உட்கார வேண்டும் என்று வையுங்கள். எண்பது நாளாவது வரும். ஒரு மேற்பார்வையாளருக்கு ஐந்தாறு பேருக்கு மேல் கூடாது. கையெழுத்தை அவர் மருத்துவமனை பதிவேட்டில் போடட்டும், எங்கள் நோட்டில் வேண்டாம், நோட்டை விலைக்கு வாங்கலாம் என்று மேலே சொல்லிவிட்டேன். அந்த மேற்பார்வையாளருக்குப் படி கொடுங்கள். காலை முழுக்கக் கூட்டம் பார்த்த டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய பெருந்தன்மை, அதை நம்பி ஒரு படிப்பை நடத்த முடியாது. வேலை கொடுக்கிறவர்கள் அந்த ஒரு நாளுக்கு விட வேண்டும் என்பதையும் அரசாங்கம் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் சனிக்கிழமைக்குச் சண்டை போட்டே ஓய்ந்துவிடுவோம். அப்புறம் பரீட்சை. மூன்று மணி நேரம் எழுத வைப்பது இருக்கட்டும். ஓர் ஆளை எதிரில் உட்கார வைத்து, பேசச் சொல்லிப் பாருங்கள். என்னுடைய வைவா பதினொரு நிமிடத்தில் முடிந்தது, அதில் நாலு நிமிடம் ஆடியோ வரவில்லை.

இது ஒன்றும் நான் கனவு கண்டு எழுதுவதில்லை. இங்கிலாந்தில் 2008-இலிருந்து லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவுகிறவர்களை இப்படித்தான் தயார் செய்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம், வாரத்தில் ஒரு நாள் படிப்பு, மற்ற நாள்கள் வேலை செய்யும் இடத்திலேயே மேற்பார்வையோடு பயிற்சி. அவ்வளவு தூரம் எதற்கு? கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலின் குழு நடத்திய ஆய்வு 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனநலப் பின்னணியே இல்லாத உள்ளூர் ஆட்களைப் பழக்கி, மேலே நிபுணர்களை வைத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவ வைத்தார்கள். பலன் இருந்தது. நம் பக்கத்திலேயே, சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2010 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பி, அதில் இருந்த திரை வழியாக டாக்டரைப் பேச வைத்தது. பஸ்ஸில் உள்ளூர் ஆள் ஒருவர் கூடவே இருப்பார். டாக்டர் திரையில் இருந்தார் என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, பக்கத்தில் அந்த ஆளும் இருந்தார்.

‘இவர்களுக்கு என்ன பேர் கொடுப்பது?’ என்று ஒரு கேள்வி உங்கள் கூட்டத்தில் கட்டாயம் வரும். 2017 மனநலச் சட்டப்படி கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் மேற்பட்டத்துக்கு அப்புறம் மேற்பார்வையோடு இரண்டு வருட முழுநேரப் பயிற்சி வேண்டும், மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த இடத்தில். அந்தப் பேரை நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு படி கீழே ஒரு பேர் போதும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். அப்படி ஒரு கோடு இல்லாததால்தான் என் நண்பர் போர்டு மாட்டினார். ஏற்கெனவே என்னைப் போல முடித்துவிட்டு அரைகுறையாக நிற்கிறவர்களையும் மறந்துவிட வேண்டாம். எண்பது நாள் உட்கார்ந்துவிட்டு வா என்று சொல்லுங்கள். வருகிறேன்.

பாடமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். இங்கே யாரும் ‘எனக்கு ஆங்ஸைட்டி’ என்று வருவதில்லை. ‘நெஞ்சுக்குள்ள படபடங்குது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘மண்டைக்குள்ள என்னமோ ஊருது’, ‘ஒடம்பே ஆவறதில்லீங்’ என்றுதான் வருகிறார்கள். முதலில் போவது பிரஷர் பார்க்கும் டாக்டரிடம். ஈசிஜி எடுத்து, ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் படபடப்பு நிற்காது. இந்தச் சொற்களையெல்லாம் சேர்த்து எந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கலாம் என்று சொல்லும் ஒரு தமிழ்ப் பாடம் என் இரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து எங்கள் லைனில் தைக்கும் பிள்ளைகள் என்ன சொல்லி அழுகிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பாதிதான் புரிகிறது. ஆன்லைன் படிப்பு என்றால் புவனேஸ்வரத்து ஆசிரியர் ஒருவர் எனக்கு நாலு வகுப்பு எடுத்திருக்கலாமே. நேர் வகுப்பில் அதற்கு வழியே இல்லை.

கடைசியாகச் சட்டம். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 31-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மனநல ஊழியர்களின் எண்ணிக்கையைப் பெருக்க உயர்கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து படிப்பும் பயிற்சியும் கொடுக்க வேண்டியது அரசின் பொறுப்பு என்கிறது. மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்று உலக அளவில் ஒத்துக்கொண்ட கணக்கை எட்ட, சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து ஆண்டுக்குள் முயல வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. கெடு 2028 மே. நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் கொடுத்த அறிக்கையில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்று இருக்கிறது. ஒரு முழு ஆள்கூட இல்லை. நிம்ஹான்ஸ் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய 2015-16 ஆய்வில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாடும் ஒன்று. கெடுவுக்குள் ஆளைப் பெருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்ல, இன்னொரு சட்டத்தைக் காட்டி இருந்த ஒரு வழியையும் மூடியிருக்கிறீர்கள். மூடிய இடத்தில் வேறு வழி எப்போது திறக்கும் என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்திருந்தால் இந்த மடலே வந்திருக்காது.

எங்கள் வேனில் தினமும் ஒரு பெண் ஏறுவாள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் படித்ததைப் பார்த்து 2025 ஜூனில் சீட்டுப் பணத்தை எடுத்துப் ஃபீஸுக்கென்று வைத்திருந்தாள். அறிவிப்பு வந்ததும் அந்தப் பணத்தில் பையனுக்குச் சைக்கிள் வாங்கிவிட்டாள். “அடுத்த வருசம் தொறப்பாங்களாக்கா?” என்று இன்னமும் கேட்கிறாள். எனக்குத் தெரியாது கண்ணு, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அதைத்தான் கேட்கிறேன். திறப்பீர்களா, எப்போது, எப்படி? பதில் போட்டால் தமிழில் போடுங்கள். நான் வேனிலேயே சத்தமாக வாசித்துவிடுவேன்.

இப்படிக்கு,
அவிநாசி வட்டாரத்திலிருந்து ஒரு வெல்ஃபேர் ஆபீசர்